தவமலரின் பின்னால் போன வீடு

வீடு முதன்முதலாக எழும்பிப் போனது ஒரு மே மாதத்துச் சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில், செந்த்மார்த் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்த நேரத்தில். பாரிசிலிருந்து தெற்கே நாலரை மணி நேரம் கார் ஓடினால் வருகிற ஊர் அது. நூற்றுப் பதினெட்டுச் சனம், அதைவிடக் கூடுதலாக மாடு. தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடித்தால் ரொட்டி விற்கிற பாண் கடை பூட்டு, மெரி என்று எல்லோரும் சொல்கிற ஊர்ச்சபைக் கந்தோர் பூட்டு, தபால் பூட்டு. செத்தவன்கூட இரண்டு மணிவரை பொறுத்துத்தான் ஆகவேண்டும். அதனால் வீடு போனதை ஒருவரும் காணவில்லை. இரண்டு மணிக்கு நாய்க்கு எலும்பு போட வெளியே வந்த பக்கத்து வீட்டு மதாம் ஓடெத், தன் மதிலுக்கு அந்தப் பக்கம் நீள்சதுரமாக ஈரமண்ணும் நாலைந்து மண்புழுவும் கிடப்பதைப் பார்த்தாள். "போயிட்டுதோ" என்று சொல்லிவிட்டு எலும்பைப் போட்டாள்.

அதே நேரம், வீட்டுக்காரி தவமலர் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், புரூசல்ஸ் நகரத்து மண்டபம் ஒன்றின் பின்வாசலில், ஒரு கையில் வடைத் தட்டும் மறு கையில் குப்பைப் பையுமாக நின்றுகொண்டிருந்தாள். கணவர் குணநாயகத்தின் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு. விடிய மூன்று மணிக்குக் காரில் ஏறி, வந்து இறங்கியதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையல் குசினிக்குள் போனவள், அப்போதுதான் வெளிக்காற்றைக் கண்டாள். கண்டவள் வீட்டையும் கண்டாள். ஒரு பஸ்ஸுக்கும் பூச்சோடித்த வெள்ளைக் காருக்கும் நடுவில், நாலு கார் நிறுத்துகிற இடத்தை அடைத்துக்கொண்டு, கருங்கல் சுவரும் கற்பலகைக் கூரையும் ஜன்னல்களுக்கு வெளியே நீல மரக்கதவுகளுமாக, அவளுடைய வீடு நின்றது. ஜன்னல் விளிம்பில் மதாம் ஓடெத்தின் பூனை நித்திரை.

தவமலருக்கு முதலில் வந்த நினைவு, அடுப்பை நிப்பாட்டினனானோ என்பதுதான். குப்பையைப் போட்டுவிட்டு, கைப்பையில் இருந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போய், செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். பத்து நிமிடம் கழித்துக் குணநாயகம் கதவில் தட்டினார்.

"இஞ்சாரும், இது எங்கடை வீடெல்லே?"

"ஓம்."

"என்னெண்டு இஞ்சை வந்தது?"

"எனக்கென்ன தெரியும்? சத்தம் போடாதேங்கோ. ஒரு கண் அயர்ந்திட்டு வாறன்."

ஆனால் கண் அயர யார் விட்டது? வீடு நிற்கிறது என்ற கதை மண்டபத்துக்குள் போன வேகத்தில் பெண்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். ஒருத்திக்குச் சேலை மாற்ற வேண்டும், ஒருத்திக்குக் குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும், மண்டபத்தில் கழிப்பறை இரண்டே இரண்டு என்பதால் மிச்சப் பேருக்கு அது வேண்டும். "நல்லதாப் போச்சு தவமலர், இனி இரவு படுக்க இடம் தேடத் தேவையில்லை" என்று குணநாயகத்தின் தமக்கை சொன்னாள். கல்லும் மரமுமாய் ஒரு வீடு நாடு கடந்து வந்து நிற்பதைப் பற்றி அதற்கு மேல் ஒருவரும் கதைக்கவில்லை. தேத்தண்ணி கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். கிடைத்தது. சட்டியில் அறுபது பேருக்குப் பால்தேத்தண்ணி போட்டுவிட்டு, இருபது பேருக்குப் பாயும் விரிப்பும் போட்டுவிட்டு, தன் கட்டிலில் மூன்று சம்பந்திகள் குறட்டை விட, தவமலர் குசினிக் கதிரையில் குந்தியபடி விடியும்வரை கிடந்தாள். பட்ட காலிலே படும் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை.

திங்கட்கிழமை அவர்கள் காரில் ஊருக்குத் திரும்பியபோது வீடு அவர்களுக்கு முன்னாலேயே வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பழைய இடத்தில் நின்றது. இம்மியும் பிசகவில்லை. பூனை மட்டும் கொஞ்சம் கொழுத்திருந்தது.

எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை உதவாது. ஏன் போனது என்பதற்கு மதாம் ஓடெத் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். எண்பத்திரண்டு வயது, மாட்டுக்காரரின் விதவை. அவள் என்ன சொன்னாலும், பிரெஞ்சில் சொன்னாலும், அது தவமலரின் காதுக்குள் போகும்போது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் போனது. "முந்தி இருந்த சனம் ஈஸ்டருக்கு வாறம் எண்டு சொல்லி, கதவைப் பூட்டிக்கொண்டு ரவுணுக்குப் போனது பிள்ளை. நாப்பத்தொரு ஈஸ்டர் போச்சு. நீங்கள் வாங்கும் மட்டும் ஒரு சீவன் கதவைத் திறக்கேல்லை. நீங்களும் பூட்டிக்கொண்டு வெளிக்கிடுறதை நாலு வருசம் பொறுத்துப் பாத்துது. ஒருக்கா விட்டிட்டுப் போன நாய் எத்தினை நாளைக்குச் சும்மா இருக்கும்? பின்னாலை வரத்தானே செய்யும்." அந்த விளக்கம் ஊருக்குப் போதுமாக இருந்தது.

தவமலருக்குத்தான் போதவில்லை. விட்டுவிட்டுப் போகிற எண்ணம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பிரான்சுக்கு வந்து இருபத்தாறு வருடம். அதில் இருபது வருடம் பாரிசில் விடிய நாலு மணிக்குக் கந்தோர்கள் கூட்டித் துடைத்து, குணநாயகம் உணவகங்களில் கோப்பை கழுவி, கடைசியில் பாரிசில் ஒரு கோழிக்கூடும் வாங்க ஏலாது என்று தெரிந்த பிறகு வாங்கிய வீடு இது. இப்போது அவள் பக்கத்துச் சிறு நகரத்து முதியோர் இல்லத்தில் கட்டிலில் கிடப்பவர்களைக் கழுவித் துடைக்கிற வேலை. அவர் வீதியோர உணவகம் ஒன்றில் சமையல். பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்று சொந்தக்காரர் முடிவெடுத்திருந்ததால், ஐரோப்பாவில் எந்த மூலையில் நல்லது கெட்டது நடந்தாலும் குசினிக்குள் நிற்கக் கூப்பிடுவது இவளைத்தான். போகாவிட்டால் செத்த வீட்டுக்கும் வராதவள் என்று ஏழு தலைமுறைக்குச் சொல்லுவார்கள். போனாள். சூரிச்சில் கலியாணம், ஹம் நகரத்தில் அம்மன் தேர், ஒஸ்லோவில் ஒரு செத்த வீட்டு முப்பத்தோராம் நாள், மிலானில் புதுமனை, கோப்பன்ஹேகனில் ஐம்பதாவது பிறந்தநாள் என்று, வெள்ளி இரவு வேலை முடித்துப் புறப்பட்டு ஞாயிறு இரவு வந்து படுத்துத் திங்கள் விடிய எழும்பி, பதினொரு நாடு பார்த்தவள் அவள். பதினொரு நாட்டிலும் மண்டபத்துக் கழுவுதொட்டிதான் பார்த்தாள்.

அத்தனை இடத்துக்கும் வீடு பின்னால் போனது. சூரிச்சில் அது ஏரிக்கரையில் நின்றது, பொலிஸ்காரன் ஜன்னல் கண்ணாடியில் தண்டச் சீட்டு வைத்துவிட்டுப் போனான். ஒஸ்லோவில் கூரையெல்லாம் பனி மூடி நின்றது. மிலானில் புதுமனைக்கு வந்தவர்கள் புது வீட்டைவிட்டு இதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கூரையிலை ஓட்டை இருக்கு, வாஸ்தும் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

செந்த்மார்த்தும் பழகிக்கொண்டது. முதல் மாதம் மேயர் மிசியே கோதார், அவரும் மாட்டுக்காரர்தான், உழவு இயந்திரத்தை வாசலில் நிறுத்தி, வீடு வெளியே போவதாக இருந்தால் மெரிக்கு அறிவிக்க வேண்டும் என்றார். அதற்கான படிவம் இல்லை என்று காரியதரிசி சொன்னதும், இருவருமாக யோசித்து, விடுமுறைக்கு இழுத்துக்கொண்டு போகிற சில்லு வண்டிகளின் கொப்பியில் வீட்டைப் பதிந்தார்கள். தபால்காரன் திதியே கடிதங்களை வெறும்நிலத்தில் ஒரு கல்லுக்குக் கீழே வைத்துப் பழகினான். வீடு போன சனிக்கிழமைகளில் மதாம் ஓடெத் அங்கே கொடி கட்டிப் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டாள். பின்னேரம் ஆண்கள் இரும்புக் குண்டுகளைக் கொண்டுவந்து அந்த மட்டமான மண்ணில் பெத்தாங் விளையாடினார்கள். பிறகு பிறகு, பாண் கடை வரிசையில் தவமலரைக் கண்டால், "அடுத்தது எப்ப மதாம், எங்கை?" என்று ஆசையோடு கேட்கத் தொடங்கினார்கள். அவள் ஒரு வார இறுதி வீட்டில் நின்றுவிட்டால் ஊருக்கே முகம் சுருங்கியது. களைத்துப் போனவளுக்கு ஓய்வெடுக்கவும் இப்போது இரண்டு பக்கத்திலும் அனுமதி வேண்டியிருந்தது.

போகமுடியாத ஒரே இடம் அவள் பிறந்த ஊர், யாழ்ப்பாணத்து வரணி. அவளுடைய அகதிப் பயணப் புத்தகத்தில், எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டைத் தவிர, என்று அச்சடித்திருந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகிவிட்டால் போகலாம்தான். அந்த மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறிவிட்டாள். வேலை முடிந்து வந்து புத்தகத்தை விரித்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. வரணியில் இருந்தது அவளுடைய அக்கா பவளராணி. தாய் தகப்பன் இல்லை, உடன்பிறப்பு வேறு இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒருமுறை, ஒன்பது வருடத்துக்கு முன்னால், திருச்சியில் ஒரு லொட்ஜில் மூன்று கிழமை இருவரும் ஒன்றாக இருந்தார்கள். அந்த மூன்று கிழமையும் தவமலர் நாளுக்கொரு சேலை மாற்றி, முழங்கால் நோவை மறைக்கப் படிகளில் சிரித்துச் சிரித்து ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசி. "வீடு பெரிசோடி?" என்று அக்கா கேட்பாள்.

"பெரிசு அக்கா. மேல்மாடி இருக்கு. பூந்தோட்டம் இருக்கு."

"வேலை?"

"சும்மா மேசையிலை இருந்து எழுதுற வேலைதான். அலுப்பில்லை."

பொய்தான். ஆனால் ஒரு சொட்டும் தனக்கென்று சொன்ன பொய் இல்லை. தங்கச்சி ராசாத்தி மாதிரி இருக்கிறாள் என்று நினைத்து அக்கா ஞாயிறு இரவுகளில் நித்திரை கொள்வாள் அல்லவா, அதற்காகச் சொன்ன பொய்.

வீடு போகத் தொடங்கிய இரண்டாம் வருடம் ஐப்பசியில் அக்காவின் மகள் தர்சிகா தனியாக அழைத்தாள். அவள் பள்ளிக்கூட ரீச்சர், சுற்றி வளைக்கமாட்டாள். "சித்தி, அம்மான்ரை வயித்துக் கட்டி பரவியிட்டுதாம். பெரியாஸ்பத்திரியிலை வீட்டை கொண்டுபோகச் சொல்லிட்டினம். உங்களைத்தான் கேக்கிறா. வேற ஒண்டும் கேக்கேல்லை."

தவமலர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பயணப் புத்தகத்தை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் குணநாயகம் வந்ததும் சொன்னாள்: "நான் போகேலாது. இந்த வீடு போகும். இதுக்குள்ளை இருந்தா என்னையும் கொண்டுபோகும்."

குணநாயகம் தலையைச் சொறிந்தார். பிறகு அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டிகளை இறக்கினார். அடுத்த நாள் இரண்டு பெட்டியில் உடுப்பும், அக்காவுக்கு ஒரு கம்பளிச் சால்வையும், சொக்லட்டும் அடுக்கி, இருவரும் மண்டபத்து விறாந்தையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல முன்னறையில் குந்தினார்கள். பன்னிரண்டு அடித்தது. கண்ணை மூடினார்கள். இரண்டு அடித்தது. ஜன்னலைத் திறந்தால் மதாம் ஓடெத்தின் நாய். இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் தவமலர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "புரூசல்சுக்குப் போகத் தெரிஞ்ச உனக்கு வரணிக்கு வழி தெரியாதோ? ஊர்ச் சனத்துக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்த வந்தாய், என்ரை அக்காவுக்கு வரமாட்டியோ?" என்று கத்தினாள். வீடு கல்லாக நின்றது.

மூன்றாம் நாள் பின்னேரம் மதாம் ஓடெத் சூப்புச் சட்டியோடு வந்தாள். கதையை முழுக்கக் கேட்டாள். "அது வண்டி இல்லை, பிள்ளை. உள்ளுக்கு ஆள் இருந்தா அதுக்கு என்ன குறை? ஏன் போகவேணும்? நீ வெளியிலை நிண்டு கேள்."

"நான் இல்லாத இடத்துக்கு அது போகுமோ?"

"எனக்கென்ன தெரியும். கேட்டுப் பார்."

அன்று இரவு குணநாயகம் வழக்கத்துக்கு மாறாகக் கதைத்தார். "இஞ்சாரும், யோசிச்சுச் செய்யும். திரும்பி வராட்டி? இருபத்தாறு வருசமா உழைச்சதிலை மிஞ்சினது இந்தக் கல்லுத்தான். நானும் அறுபதைத் தாண்டியிட்டன்."

"தெரியும்."

"போய்ச் சேர்ந்தாலும் அக்கா எல்லாத்தையும் பாப்பா. மேசையிலை இருந்து எழுதுற வேலை எண்டெல்லே சொல்லி வைச்சிருக்கிறீர்."

அதுதான் அவளையும் அரித்தது. விடிந்ததும் வீட்டை ஒதுக்கத் தொடங்கினாள். முதியோர் இல்லத்து வெள்ளைச் சீருடையைத் தலையணைக்குள் திணித்தாள். முழங்காலுக்குப் பூசுகிற களிம்பு, நித்திரைக் குளிசை, இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டாள். கூரை ஒழுகுகிற இடத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த நீல வாளியை அலுமாரிக்குள் ஒளித்தாள். பிறகு அலுமாரிக் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். மறைக்கிறதுக்கும் உடம்பில் பெலன் வேண்டும். அது இல்லை. வாளியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். சீருடையை ஆணியில் கொழுவினாள். களிம்பையும் குளிசையையும் இருந்த இடத்திலேயே வைத்தாள். கட்டிலுக்குத் தோய்த்த விரிப்பு விரித்து, கம்பளிச் சால்வையைக் கால்மாட்டில் மடித்து வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைப் பூட்டாமல் சாத்தினாள்.

இருபத்தாறு வருடமாக எந்தப் படியிறங்கினாலும், போறன் என்று சொல்லாமல், போட்டு வாறன் என்று சொல்லி இறங்கியவள் அவள். அன்றைக்கு வீதியில் நின்று, முந்தின நாள் ஏசிய அதே சுவரில் உள்ளங்கையை வைத்து, "நான் வரேலாது. நீ போட்டு வா" என்றாள்.

பன்னிரண்டு அடித்தது. மதாம் ஓடெத் அவர்களை உள்ளே கூப்பிட்டு, வீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, முயல் கறி பரிமாறினாள். கத்தியும் முள்ளுக்கரண்டியும் மட்டும் சத்தம் போட்டன. தவமலர் ஒரு துண்டு பாணை இரண்டு மணி நேரம் கையில் வைத்திருந்தாள். இரண்டு அடித்ததும் நாய்க்கு எலும்பு எடுத்துக்கொண்டு மதாம் ஓடெத் முதலில் வெளியே போனாள்.

"பிள்ளை" என்று கூப்பிட்டாள். "மண்புழு நெளியுது, வந்து பார்."

ஒரு மணி நேரம் கழித்துத் தர்சிகாவின் அழைப்பு வந்தது. "சித்தி, உங்கடை வீடு வந்திருக்கு. எங்கடை படலைக்குப் பக்கத்திலை, முருங்கைக்கும் கிணத்துக்கும் நடுவிலை நிக்குது. சனமெல்லாம் செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போய்ப் பாக்குது."

வரணியும் செந்த்மார்த்துக்குக் குறைந்த ஊர் இல்லை. கிராம சேவகர் சைக்கிளில் வந்து, ஆர் பேரில் வந்திருக்கிறது, எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டு, வெளிநாட்டிலிருந்து வந்து தங்கும் உறவினர் பட்டியலில் வீட்டை எழுதிக்கொண்டார். ஜன்னலுக்குக் கம்பி இல்லாததை எல்லோரும் ஒரு குறையாகச் சொன்னார்கள். புகைபோக்கிக்குள் காகம் கூடு கட்டப் பார்த்தது. யாரோ நீலக் கதவின் கொளுக்கியில் ஆட்டைக் கட்டினார்கள். அக்காவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தவமலரின் கட்டிலில் கிடத்தினார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். சீருடையைத் தொட்டுப் பார்த்தாள். குளிசைப் பெட்டியைத் தர்சிகாவைக் கொண்டு வாசிப்பித்தாள். பிறகு தொலைபேசியைக் கேட்டு வாங்கினாள்.

"எடியே."

"அக்கா."

"இது கழுவித் துடைக்கிற உடுப்பெல்லே?"

தவமலர் செந்த்மார்த் வீதியில், வெறும்நிலத்தின் ஓரத்துக் கல்லில், தபால்காரன் கடிதம் வைக்கிற கல்லில் இருந்தாள்.

"கூரை ஒழுகுது. வாளி வைச்சிருக்கிறாய்."

"ஓம் அக்கா."

"எத்தினை வருசமாப் பொய் சொன்னனி?"

"எல்லா வருசமும்."

அக்கா மூச்சு வாங்கினாள். ஏசப்போகிறாள் என்று தவமலர் நினைத்தாள். ஏசினால் நல்லது என்றும் நினைத்தாள். அக்கா சொன்னது ஒரு சொல்தான்.

"களைச்சுப்போனாயடி."

பதினொரு நாட்டுச் சொந்தத்தில் ஒருவர்கூட இத்தனை வருடத்தில் அதைச் சொன்னதில்லை. கேட்டதுமில்லை. தவமலர் வீதியில் இருந்து வாய்விட்டு அழுதாள். பாண் கடைக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

அக்கா அந்தக் கட்டிலில் பதினேழு நாள் படுத்திருந்தாள். பதினேழு நாளும் இருவரும் கதைத்தார்கள், இந்த முறை உண்மையை. எந்தக் கிழவர் கடிப்பார், எந்தக் கிழவி பாட்டுப் பாடினால்தான் குளிக்க விடுவாள், எந்த நாட்டு மண்டபத்தில் சுடுதண்ணி வராது என்று ஒன்று விடாமல். அக்கா சிரித்தாள், சிரித்தால் நொந்தது, நொந்தாலும் இன்னும் சொல்லச் சொன்னாள். குணநாயகமும் தவமலரும் மதாம் ஓடெத்தின் மேலறையில் இருந்தார்கள். அந்த நாட்களில் வெறும்நிலத்தில் ஒருவரும் குண்டு எறியவில்லை. கொடி கட்டவில்லை. ஆண்கள் பின்னேரம் வந்து ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

பதினெட்டாம் நாள் விடிய அக்கா போய்விட்டாள். செத்த வீடு நடந்தது தவமலரின் வீட்டில்தான். பந்தல் போட்டு, பறை அடித்து, நீலக் கதவால் அக்காவை வெளியே தூக்கியதைத் தவமலர் கையளவு தொலைபேசியில் பார்த்தாள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, படலையோடு நின்றுவிடுவார்கள். வீடும் படலையோடு நின்றது.

நின்றது நின்றதுதான், திரும்பி வரவில்லை. ஒரு கிழமை கழித்துக் குணநாயகம் மெதுவாகக் கேட்டார்: "இனி வராதோ?"

"முப்பத்தொண்டு முடியாமல் துடக்கு வீட்டிலையிருந்து ஆரும் வெளிக்கிடுவினமோ?" என்றாள் தவமலர். மதாம் ஓடெத்துக்கும் அதை விளங்கப்படுத்தினாள். துடக்கு என்றால் சாவுத் தீட்டு, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் படைத்து, ஊருக்குச் சாப்பாடு போட்ட பிறகுதான் உரித்துக்காரர் புறப்படலாம் என்று. மதாம் ஓடெத் அதை மேயரிடம் சொன்னாள். மேயர் தன் கந்தோர்ச் சுவர்க் கலண்டரில் ஒரு திகதியைச் சுற்றி வட்டம் போட்டார்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கதவும் சாத்தின. வரணியிலும் அப்போது படையல் முடிந்து, சாப்பிட்ட களையில் எல்லோரும் பாயில் சரிந்திருந்த நேரம். தவமலர் மதாம் ஓடெத்தின் மேசையில் இருந்தாள். இரண்டு அடித்தது. எழும்பப் போனவளின் கையை மதாம் ஓடெத் பிடித்தாள். "இரு. தூரமெல்லே. அதுக்கு நேரம் குடுப்பம்."

ஜன்னல் இடுக்கால் பார்த்தபோது பாண் கடை பூட்டியிருந்தது. மெரி பூட்டியிருந்தது. திதியேயின் மஞ்சள் வண்டி வீதி முனையில் நின்றது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கையில் இருந்தான். உலகம் அழிந்தாலும் இரண்டு மணிக்குக் கடை திறக்கிற செந்த்மார்த், அன்றைக்கு ஒரு வீட்டுக்காக மூன்று மணிவரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு வீடு நின்றது. அடிச்சுவரில் செம்மண் ஒட்டியிருந்தது. கொளுக்கியில் அறுந்த ஆட்டுக் கயிறு.

"இஞ்சாரும், கூரையைப் பாரும்" என்றார் குணநாயகம்.

ஒழுகுகிற இடத்தில், கற்பலகைகளுக்கு நடுவே, புதிதாகப் பின்னிய தென்னோலைக் கிடுகு இரண்டு அடுக்காக வைத்துக் கட்டியிருந்தது. சாகப்போகிற ஒருத்தி கட்டிலில் படுத்தபடி கூரையைக் கைகாட்டி, ஆட்களை ஏறவைத்துச் செய்வித்த வேலை என்று தவமலருக்கு ஒருவரும் சொல்லத் தேவைப்படவில்லை. மேயர் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். இந்தப் பகுதியில் கல்லைத் தவிர வேறொன்றால் கூரை வேயச் சட்டம் விடாது. "எனக்குக் கண் சரியாத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

உள்ளே தரையெல்லாம் மண் பதிந்த வெறுங்கால் அடிகள். சீருடையில் அறுந்திருந்த இரண்டு பொத்தானும் வெள்ளை நூலால் தைத்திருந்தது. கட்டிலில், ஒரு சின்ன உடம்பு நெடுநாள் படுத்த பள்ளம்.

தொலைபேசி அடித்தது. குணநாயகம் எடுத்துக் கேட்டார். ஸ்டுட்கார்ட்டில் அவருடைய தமக்கையின் மகளுக்குச் சனிக்கிழமை கலியாணப் பதிவு எழுத்து; துடக்குத்தான் முடிஞ்சுதே, தவமலரை வெள்ளிக்கிழமையே வரட்டாம், குசினிக்கு ஆள் காணாதாம். அவர் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன சொல்ல?" என்று கேட்டார்.

"நான் களைச்சுப்போனன் எண்டு சொல்லுங்கோ."

"அப்பிடியே சொல்லட்டோ?"

"அப்பிடியே சொல்லுங்கோ."

அவர் அப்படியே சொல்வதைக் கேட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். அந்தப் பள்ளத்துக்குள், அதைக் குலைக்காமல், முழங்காலை மடித்து ஒருக்களித்துப் படுத்தாள். நாலு மணிபோல மழை பிடித்தது. இத்தனை வருடப் பழக்கத்தில், நித்திரைக்குள்ளும் அவள் காது அந்த முதல் சொட்டுக்காகக் காத்திருந்தது. வாளியில் ஒரு சொட்டும் விழவில்லை.